மெலாஞ்சு குரைத்த ஞாயிறு

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை என்னைத் திருடன் என்று பிடித்திருக்கிறார்கள். ‘திருடி’ என்றுகூட இல்லை, திருடன். சாமளாபுரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஒரு தறிக்கூடத்தின் பின்சுவரில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நான் தொங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது அது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எனக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்த்தார்கள். (சுவரில் தொங்கும்போதும் எனக்குக் கீழே நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் வேறு.)

எல்லாம் ஒரு நாயால் வந்தது. நாயால் என்று சொல்வது நியாயமில்லை. அவன் தன் பாட்டுக்குத்தான் இருந்தான்.

எங்கள் கம்பெனியின் கட்டிங் பகுதியில், வெட்டிப்போட்ட துண்டுத்துணிக் குவியலுக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. சாம்பிள் துணி எடுக்கப் போன நான், கையில் வந்ததை ஒரு துணிச்சுருள் என்றே நினைத்துத் தூக்கினேன். அது கொட்டாவி விட்டது. தாய் உள்ளூர், தகப்பன் யாரென்று தெரியவில்லை. ஒரு காது நின்றது, ஒரு காது மடங்கியது. வால் மட்டும் இரண்டு நாய்களுக்குப் போதுமான நீளம். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் கலந்தது போன்ற சாம்பல் நிறம். அந்த மாதிரி நிறத்துணிக்கு எங்கள் தொழிலில் மெலாஞ்ச் என்று பெயர். அதனால் அவன் மெலாஞ்சு.

அக்கவுண்ட்ஸில் இருந்த கவிதா அக்காவிடம் கொண்டுபோனேன். ஊரில் அடிபட்ட நாய், ஆதரவற்ற பூனை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. தற்காலிகமாக யார் வீட்டிலாவது விட்டு, பிறகு நிரந்தரமாக ஒரு வீடு பார்த்துக் கொடுப்பார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பத்தே நாள் கண்ணு. நல்ல ஊடாப் பாத்துக் குடுத்துரலாம். நீ தனியாத்தான இருக்கற?”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பழக்கமானது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் பார்க்க ஆள் வேண்டுமா? “நீங்க தனியாத்தானுங்க இருக்கீங்க.” பொங்கலுக்குக் கம்பெனியில் யாராவது இருக்க வேண்டுமா? “நீங்க தனியாத்தானுங்க.” திருப்பூரில் எனக்கு வேறு எந்தத் தகுதி இருந்ததோ இல்லையோ, இந்தத் தகுதியை யாரும் சந்தேகித்ததில்லை.

என் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பெருமாநல்லூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை வேலை முடிந்து அறைக்கு வந்தால் திங்கள் காலை வரை யாருடனும் பேச வேண்டிய அவசியமே வராது. காய்கறிக்கடையில்கூட எடுத்துக் கொடுத்தால் எடை போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை “குட்மார்னிங்” சொல்ல வாயைத் திறந்தால் எண்ணெய் விடாத மிஷின் போல ஒரு சத்தம் வரும். தொண்டைக்கட்டு என்று சொல்லிச் சமாளிப்பேன். வாரா வாரம் திங்கட்கிழமை மட்டும் தொண்டை கட்டும் பெண் என்று கம்பெனியில் எனக்குப் பெயர்.

பத்து நாள் மூன்று மாதமானது. தெருமுனையில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மெலாஞ்சு கதவின் பின்னால் வந்து நிற்பான். ஆர்டர் கொடுக்கும் பையர் என்ன மெயில் அனுப்பினார், நிட்டிங்காரர் ஏன் துணி தரவில்லை, யார் மேல் என்ன தப்பு எல்லாவற்றையும் அவனிடம் சொல்வேன். மடங்கிய காதையும் கொஞ்சம் தூக்கிக் கேட்பான். அம்மா போனில் சலித்துக்கொள்வாள்: “ஏட்டி, நாய்க்குச் சோறு வைக்க நேரம் இருக்கு. எஸ்தருக்கு மாப்பிள்ளை பாத்தாச்சான்னு கோயில்ல கேக்கிற சனத்துக்குப் பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் இல்ல.”

மெலாஞ்சிடம் ஒரே ஒரு குறை. அவன் குரைக்க மாட்டான். கூரியர்காரர் வந்தாலும் வால், குப்பை வண்டி வந்தாலும் வால், பக்கத்து வீட்டுப் பூனை வந்து அவன் தட்டிலேயே சாப்பிட்டாலும் வால். கால்நடை டாக்டரிடம் காட்டினேன். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “தொண்டை நல்லாத்தான் இருக்கு. குரைக்கறதுக்கு ஒண்ணும் காரணம் கெடைக்கல போல” என்றார்.

இதற்குள் வீட்டு ஓனர் அம்மா கெடு வைத்துவிட்டார். “இந்த மாசத்தோட சரிங்க. நாய் இருக்கட்டும், இல்லாட்டி நீங்க இருங்க. ரெண்டும் வேண்டாமுங்க.” மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

கவிதா அக்கா தன் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். வாசகம் நான் எழுதினேன். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவளுக்குச் சரக்கைப் பற்றி உயர்த்தி எழுதச் சொல்லித்தர வேண்டுமா? ‘லேப்ரடார் சாயல்’ என்று போட்டேன். (எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் சாயல் தெரியாது.) நான்கைந்து பேர் கேட்டார்கள். ஒருவர் “ஒரிஜினலா?” என்றார். இன்னொருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “அந்த ஒரு காதைச் சரி பண்ண முடியுமா?” என்று கேட்டார். பட்டன் மாற்றிக் கேட்பது போல.

கடைசியில் சாமளாபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சுப்பிரமணியம் அண்ணன், சரஸ்வதி அக்கா. வீட்டை ஒட்டியே பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அண்ணன் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். மெலாஞ்சைப் பார்த்து அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் ஒரு கேள்வி.

“தறிக்கூடத்துல நூல் கோன் அடிக்கடி காணாமப் போகுதுங்க. அதுக்குத்தான் நாய் பாக்கறோம். இது நல்லாக் குரைக்குமுங்களா?”

நல்ல வீடு. நல்ல மனிதர்கள். மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

“தெருவே அதிருமுங்க” என்றேன்.

அந்த நேரம் பார்த்து கூரியர்காரர் மாடிப்படி ஏறி வந்தார். மெலாஞ்சு எழுந்து, அவர் காலை நக்கி, வாலை ஆட்டினான்.

“தெரிஞ்சவருங்க” என்றேன்.

வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தூக்கி வைப்பதற்கு முன் அவனே தாவி ஏறிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, போகிற திசையைத்தான் பார்த்தான். நான் பின்னால் நிற்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகும் வேலை முடிந்து வந்தால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அவன் வெளியே ஓடிவிடாமலிருக்க ஒரு காலை இடுக்கில் வைத்துத்தான் உள்ளே நுழைவேன். நுழைந்த பிறகுதான் ஞாபகம் வரும். இரண்டு வாரம் இப்படியே நுழைந்தேன். பையர் மீட்டிங்கில் என் கறுப்பு பேண்டில் ஒட்டியிருந்த ஒரு சாம்பல் முடியைப் பார்த்து, பேசவேண்டியதை மறந்துவிட்டேன்.

முதல் ஞாயிறு, சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று சாமளாபுரம் போனேன். இரண்டாவது ஞாயிறு, பூச்சி மாத்திரை. இரண்டு தடவையும் மெலாஞ்சு துள்ளி வந்தான். நான் கிளம்பும்போது வண்டி பின்னாலேயே ஓடி வந்தான். அவர்கள் அவனுக்கு மணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மெலாஞ்சு என்று கூப்பிட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறதாம்.

“எல்லாம் சரிங்க, இன்னும் குரைக்கத்தான் காணோமுங்க” என்றார் அண்ணன்.

“புது எடமில்லீங்களா? கூச்சப்படுதுங்க.”

அன்று மாலை கவிதா அக்கா போன் செய்துவிட்டார். “நீ வாரா வாரம் போயி நின்னீன்னா அது எப்படி கண்ணு அந்த ஊட்டுல பழகும்? நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சோறு திங்கறதில்லையாம். மூணு மாசத்துக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது, தெரிஞ்சுதா?”

தெரிந்தது. இரண்டு வாரம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை எழுந்து, துணி துவைத்து, தோசை ஊற்றி, போனில் படம் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தால் பத்தரை. அதற்கு மேல் செய்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மனசு தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. இன்னும் குரைக்கவில்லையென்றால்? என் பொய் தெரிந்து, பல்லடம் ரோட்டில் எங்காவது இறக்கிவிட்டிருந்தால்? தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். யாருக்கும் தெரியாது.

இங்கே என் உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றி, கூலிங் கிளாஸ் போட்டு, முழங்கை வரை உறை மாட்டிக்கொள்வோம். பெற்ற தாய் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. மாறுவேடத்துக்கு இதுவே போதும் என்று அப்படியே விட்டேன். ஹெல்மெட்டை மட்டும் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இருபுறமும் வேலி போட்ட பின்பக்க இட்டேரி வழியாக நடந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் தறிகள் ஓடவில்லை. அந்த ஊரில் தறிச் சத்தம் நின்றுவிட்டால் செருப்புச் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். பூசாத ஹாலோபிளாக் சுவர். என் தலை உயரம் இருக்கும். ஒரு கல்லைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தறிக்கூடத்து மூலை மறைத்தது. இன்னும் கொஞ்சம் எக்கினால் தெரியும் போலிருந்தது. வயிற்றைச் சுவரின் மேல் வைத்து எக்கினேன்.

தெரிந்தான். தறிக்கூடத்து நிழலில், ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தான். கொஞ்சம் குண்டாகியிருந்தான். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள்.

“மெலாஞ்சு” என்றேன், துப்பட்டாவுக்குள்ளிருந்து.

அவன் தலையைத் தூக்கினான். எழுந்தான். என்னையே பார்த்தான். என் கண் கலங்கிவிட்டது. இதோ ஓடி வரப்போகிறான் என்று கையை நீட்டினேன்.

குரைத்தான்.

அதுவரை அவனுக்குள் சேர்த்து வைத்திருந்த அத்தனை குரைப்பும் ஒன்றாக வெளியே வந்தது. நான் சொன்னது பொய்யே இல்லை, தெரு அதிர்ந்தது. திடுக்கிட்டுப் பின்னால் இறங்கப் பார்த்தேன். தூணுக்காக விட்டிருந்த கம்பி என் குர்தாவைப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், ஈரத்துணி மாதிரி சுவரில் தொங்கினேன். ஒரு செருப்பு உள்ளே விழுந்தது. அதையும் பார்த்துக் குரைத்தான்.

தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பீகார்க்காரர் ராஜேஷ் கையில் ஸ்பேனருடன் ஓடி வந்தார். “சோர்! சோர்!” என்று கத்தினார். மதிய நேரம், யாரையோ சோற்றுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர்கள் பாஷையில் அது திருடன் என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், சரஸ்வதி அக்கா, கடைசியாகத் துண்டை இடுப்பில் கட்டியபடி சுப்பிரமணியம் அண்ணன்.

கொங்கு நாட்டில் திருடனுக்கும் மரியாதை உண்டு என்பதை அன்று கண்டேன்.

“ஏனுங்க, யாருங்க நீங்க? நூல் எடுக்க வந்தீங்களா?” என்றார் அண்ணன்.

பதற்றத்தில் எட்டு வருடத் திருப்பூர் போய், எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “ஐயோ, நான் களவாங்க வரல!”

எங்கள் பக்கம் ‘களவாங்க’ என்றால் திருட. அண்ணனுக்கு அதிலிருந்த ‘களவு’ மட்டும் புரிந்தது. மிச்சத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“களவுங்கறாருங்க. அவரே ஒத்துக்கறாரு” என்றார் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

கூலிங் கிளாஸைப் பிடுங்கி எறிந்தேன். துப்பட்டாவை அவிழ்த்தேன். “அண்ணா, நானுங்க. எஸ்தர். நாய் குடுத்தேனில்லீங்க?”

நால்வரும் என்னை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அண்ணனின் முகம் விரிந்தது. “சரசு! மணி குரைச்சிருச்சு!” என்றார். “கேட்டீங்களா? நம்ம மணி குரைச்சிருச்சுங்க!” என்று பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராஜேஷ் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நாயின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அக்கா கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். என் கன்னத்தை இல்லை, அவன் கன்னத்தை. குழந்தை முதல் வார்த்தை பேசிய வீடு போலாகிவிட்டது. நான் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

“கொண்டாடறதெல்லாம் சரிங்க, என்னை எறக்கி விடுங்க” என்று நானாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

இறக்கினார்கள். குர்தா கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது; எல்லோரும் கேட்காதது போல இருந்தார்கள். மெலாஞ்சு அருகே வந்து என் காலை முகர்ந்தான். யாரென்று தெரிந்துவிட்டது. வாலை இரண்டு தடவை ஆட்டினான், கூரியர்காரருக்கு ஆட்டுவது போலவே. பிறகு திரும்பிப் போய், சரஸ்வதி அக்காவின் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அவ்வளவுதான். அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது. நான் எழுதிய விளம்பரத்தில் கேட்டிருந்ததும் அதுதான்.

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் ஊசிநூல் கொடுத்தார். நான் குர்தாவைத் தைத்து முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு. கடைசியாக இன்னொருவர் பரிமாறி நான் சாப்பிட்டது கிறிஸ்துமஸுக்கு ஊரில்.

எதிரே உட்கார்ந்த அண்ணன் தயங்கித் தயங்கிப் பேசினார். “உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கோணுமுங்க.”

“என்கிட்டயா?”

“தெருவே அதிரும்னு சொன்னீங்க. இத்தன நாளாச் சத்தமே இல்லையா, நீங்க பொய் சொல்லித்தான் குடுத்திட்டீங்கன்னு நெனச்சுப் போட்டேனுங்க. தப்புங்க. நீங்க நெசத்தத்தான் சொல்லியிருக்கீங்க.”

தண்ணீர் குடித்தேன். “பரவால்லீங்க” என்றேன், பெருந்தன்மையாக.

“ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. முன்வாசல் கேட்டு தெறந்துதான இருந்துச்சு? எதுக்குங்க செவுரு ஏறுனீங்க?”

“சும்மா… பாத்துட்டுப் போலாம்னுங்க.”

சரஸ்வதி அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

ஆறு வருடமாகிவிட்டது. அந்த வீட்டில் யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. அன்று என் தலை உயரமிருந்த சுவர் கதையில் இப்போது எட்டடியாகிவிட்டது. ராஜேஷ் சொல்லும்போது என் கையில் இரண்டு நூல் கோன்கூட இருந்தது. அண்ணன் மகள் கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிமுகப்படுத்தியதே, “எங்க மணி மொதமொதல்ல குரைச்சது இவங்களைப் பாத்துத்தானுங்க” என்றுதான். ஒருமுறை எனக்கு வந்த வரன் ஒன்றுக்காக, எப்படியோ அண்ணனிடமே விசாரித்திருக்கிறார்கள். “தங்கமான பொண்ணுங்க. ஒரே ஒரு தடவதான் செவுரு ஏறிப் பாத்திருக்கறோம்” என்று நற்சான்று கொடுத்திருக்கிறார். அந்த வரன் பிறகு பேசவில்லை. எங்கள் அம்மா இதை நாசரேத்தில் எல்லோரிடமும் சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுகிறாள்.

நானும் சிரிப்பேன். ஆனால் அவர்கள் எல்லோரும் சொல்லும் கதையில் ஒன்று மட்டும் கிடையாது.

அன்று நான் கிளம்பும்போது, மூலனூரில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து வந்த முருங்கைக்காய் ஒரு கட்டைக் கொடுக்க, சரஸ்வதி அக்கா என்னுடன் வண்டி வரை நடந்து வந்தார். நான் தடுப்பதற்குள் அவரே இருக்கையைத் தூக்கினார். உள்ளே பெட்டியில், கடைக் கவர்கூடப் பிரிக்காமல், ஒரு புது நாய்ச் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் கிடந்தன. அன்று காலை வரும் வழியில் வாங்கியது. அவன் மட்டும் என்னைக் கண்டதும் ஓடி வந்திருந்தால், சுவருக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவது என்றுதான் வந்திருந்தேன். எங்கே கொண்டுபோய் வைப்பது, ஓனர் அம்மாவிடம் என்ன சொல்வது என்றெல்லாம் ஒரு யோசனையும் இல்லை. ராஜேஷ் சரியான ஆளைத்தான் பிடித்திருந்தார்.

அக்கா அந்தச் சங்கிலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, முருங்கைக்காயை அதன் மேல் வைத்து இருக்கையை மூடினார்.

“வர்ற ஞாயித்துக்கெழமையும் சாப்பாட்டுக்கு வந்துரு கண்ணு” என்றார். “வெறுங்கையோட வந்தாப் போதும்.”